உணவு மேசையில் நான்கு மொழிகள்

நுழையும்முன்

வீட்டில் ஒரு மொழி, தெருவில் மற்றொரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என வாழும் பிள்ளைகள் உலகின் பல பகுதிகளில் உள்ளனர். ஐரோப்பாவிலும் அத்தகைய பிள்ளைகள் பலர். அவர்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் சென்று, ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிக் கற்கும் முறையையும் அதனால் விளையும் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

நாட்டுக்கு ஒரு மொழியா?

ஐரோப்பாவின் நிலப்படத்தைப் பார்ப்பவர், பிரான்சில் பிரெஞ்சு, ஸ்பெயினில் ஸ்பானியம், நெதர்லாந்தில் டச்சு, இத்தாலியில் இத்தாலியம் என நாட்டுக்கொரு மொழி வழங்குவதாக எண்ணக்கூடும். உண்மை நிலை அதுவன்று. நாட்டின் எல்லைகள் போர்களாலும் உடன்படிக்கைகளாலும் வரையப்பட்டவை. மொழிகளோ அவ்வெல்லைகளுக்கு முன்பிருந்தே மக்களின் நாவில் வழங்கி வருபவை. ஆகவே, நாட்டின் பெரும்பான்மை மொழியோடு மற்றொரு மொழியும் வாழும் பகுதிகள் அங்குப் பல உள்ளன. இவற்றை இருமொழி வட்டாரங்கள் என்பர்.

நெதர்லாந்தின் வடக்கில் உள்ள ஃபிரீஸ்லாந்து மாநிலம் அவற்றுள் ஒன்று. அங்கு ஏறத்தாழ ஆறரை இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஃபிரீசிய மொழியைப் பேச வல்லவர்கள். அது டச்சு மொழியின் வட்டார வழக்கு அன்று; ஆங்கிலத்திற்கு மிக நெருங்கிய உறவுடைய தனிமொழி. பாலாடைக்கட்டியை டச்சு மக்கள் ‘காஸ்’ என்பர். ஃபிரீசியர் ‘ட்சீஸ்’ என்பர். ‘சீஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் இவ்விரண்டில் எதற்கு அண்மையில் உள்ளது என்பது கேட்ட அளவிலேயே விளங்கும்.

பாஸ்கு நாடு மற்றொன்று. அது பிரனீசு மலைத்தொடரின் மேற்குக் கோடியில், ஸ்பெயின், பிரான்சு ஆகிய இரு நாடுகளிலும் பரவிக் கிடக்கிறது. அங்கு வழங்கும் பாஸ்கு மொழியை அம்மக்கள் ‘எவுஸ்கரா’ என்று அழைக்கின்றனர். ஏறத்தாழ 8 இலட்சம் பேர் அதனைப் பேசுகின்றனர். உலகில் இன்று வழங்கும் வேறு எந்த மொழியோடும் அதற்கு உறவு இருப்பதாக நிறுவப்படவில்லை. பாஸ்கு மக்கள் தம்மைக் குறிக்க வழங்கும் ‘எவுஸ்கல்துன்’ என்னும் சொல்லுக்கு ‘எவுஸ்கரா மொழியை உடையவர்’ என்பது பொருள். மொழியை உடைமையாகக் கருதிய மக்கள் அவர்கள் என்பது இப்பெயரால் புலனாகும்.

பிரிட்டனில் உள்ள வேல்ஸ், பிரான்சில் உள்ள பிரிட்டனி, இத்தாலியின் வடகோடியில் உள்ள தெற்கு டிரோல் ஆகியவையும் இருமொழி வட்டாரங்களே. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள் 24. ஃபிரீசியமும் பாஸ்கும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. எனினும் இத்தகைய மொழிகளைக் காக்க ஐரோப்பிய மன்றம் 1992ஆம் ஆண்டில் ஒரு சாசனத்தை உருவாக்கியது. வட்டார மொழிகளையும் சிறுபான்மை மொழிகளையும் கல்வியிலும் நீதிமன்றத்திலும் ஊடகத்திலும் போற்ற வேண்டும் என்னும் அச்சாசனம் 1998இல் நடைமுறைக்கு வந்தது.

பரிமாற்றம் நடைபெறும் முறை

ஒரு பள்ளியின் மாணவர்கள் வேறொரு நாட்டுப் பள்ளிக்குச் சென்று சில காலம் பயில்வதும், அப்பள்ளியின் மாணவர்கள் திரும்ப இங்கு வந்து பயில்வதும் மாணவர் பரிமாற்றம் எனப்படும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் பொருளுதவி செய்கிறது. 1987இல் பல்கலைக்கழக மாணவர்களுக்காக ‘எராஸ்மஸ்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நாடு நாடாகச் சென்று கற்ற அறிஞர் எராஸ்மசை நினைவூட்டும் பெயர் அது. பள்ளிகளுக்கான ‘கொமீனியஸ்’ திட்டம் 1995இல் தொடங்கியது. பிற்காலத்தில் இவை ‘எராஸ்மஸ் பிளஸ்’ என்னும் ஒரே திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன.

முதலில் இரு பள்ளிகளின் ஆசிரியர்கள் கடிதவழி உடன்பாடு கொள்கின்றனர். பிறகு இன்ன மாணவர் இன்ன வீட்டில் தங்குவார் என முடிவு செய்கின்றனர். விருந்தினரின் உணவுப் பழக்கம், உடல்நலம், விருப்பங்கள் ஆகியவை முன்கூட்டியே கேட்டறியப்படுகின்றன. மாணவர்கள் காணொளி வழியாக ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்கின்றனர். பயணத்தில் ஆசிரியர்கள் உடன் செல்கின்றனர். சில மாதங்கள் கழித்து, விருந்தினராக இருந்தவர் விருந்தளிப்பவர் ஆகிறார்.

விடுதியில் தங்குவதைவிட வீட்டில் தங்குவதற்கே இம்முறையில் சிறப்பு அதிகம். ஒரு மொழி எவ்வாறு வாழ்கிறது என்பதை அருங்காட்சியகத்தில் அறிய இயலாது. காலையில் பிள்ளையை எழுப்பும் குரலிலும், சமையலறை உரையாடலிலும், அண்ணன் தங்கை சச்சரவிலும்தான் அதனை அறிய இயலும்.

ஃபிரீஸ்லாந்திலிருந்து ஒரு பயணம்

ஃபிரீஸ்லாந்தின் தலைநகர் லீவார்டனில் பயிலும் பதினைந்து வயது மாணவி ஒருத்தி, பாஸ்கு நாட்டுக் கடற்கரை நகரொன்றுக்கு இவ்வாறு செல்வதாக வைத்துக்கொள்ளலாம். அந்நகரின் பெயர்ப்பலகையில் இரு பெயர்கள் உள்ளன: சான் செபாஸ்தியான் என்பது ஸ்பானியப் பெயர், தொனோஸ்தியா என்பது பாஸ்குப் பெயர். அவளுக்கு இது வியப்பளிப்பதில்லை. அவளுடைய ஊருக்கும் ஃபிரீசியத்தில் ‘லியவர்ட்’ என்னும் மற்றொரு பெயர் உண்டு.

அன்றிரவு உணவு மேசையில் நான்கு மொழிகள் ஒலிக்கின்றன. தோழியின் தாய் மகளோடு பாஸ்கில் பேசுகிறார். வேறு மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய தந்தை ஸ்பானியத்தில் பேசுகிறார். விருந்தினளோடு அனைவரும் ஆங்கிலத்தில் பேசுகின்றனர். இடையே அவளுடைய கைப்பேசி ஒலிக்கிறது. அவள் தன் தாயை ‘மெம்’ என்று அழைத்து ஃபிரீசியத்தில் பேசத் தொடங்குகிறாள். மேசையில் இருந்தோர் புன்னகையோடு கேட்கின்றனர். தாயைப் பாஸ்கில் ‘அமா’ என்பர் எனத் தோழி கூறுகிறாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இச்சொல் ‘அம்மா’வை நினைவூட்டும். ஆயினும் ஒலி ஒத்திருப்பதால் மட்டும் மொழிகள் உறவுடையவை ஆகா. குழந்தையின் உதடுகள் முதலில் எழுப்பும் எளிய ஒலிகள் பல மொழிகளில் தாயைக் குறிக்கும் சொற்களாகியுள்ளன. பாஸ்கிற்கும் தமிழுக்கும் உறவில்லை. ஆனால் அமைப்பில் ஓர் ஒப்புமை உண்டு. பாஸ்கில் வீட்டை ‘எச்சே’ என்பர். ‘எச்செரா’ என்றால் வீட்டுக்கு; ‘எச்செதிக்’ என்றால் வீட்டிலிருந்து. தமிழைப் போலவே பெயரின் இறுதியில் உருபு சேர்ந்து பொருளை வேறுபடுத்துகிறது. ஆங்கிலம் போன்ற மொழிகளை மட்டும் அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றும்; தமிழ் அறிந்தவர்க்குப் பழகிய வழியாகவே தோன்றும்.

மறுநாள் அவள் தோழியோடு பள்ளி செல்கிறாள். அது ‘இகாஸ்தோலா’ எனப்படும் பாஸ்கு வழிப் பள்ளி. அச்சொல்லுக்குக் ‘கற்கும் இடம்’ என்பது பொருள். கணக்கும் அறிவியலும் வரலாறும் அங்குப் பாஸ்கு மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றன. ஃபிரீஸ்லாந்தில் அவள் பயிலும் பள்ளியிலோ பெரும்பாலான பாடங்கள் டச்சு மொழியில் உள்ளன. ஃபிரீசியம் ஒரு பாடமாக மட்டுமே இடம்பெறுகிறது.

விடைபெறும் நாளில் தோழியின் பாட்டி ஒரு குறிப்பேட்டை நீட்டி, “உன் மொழியில் நான்கு வரி எழுதிக் கொடு” என்கிறார். அவளுக்கு நன்றி சொல்லத் தெரிகிறது; எழுதத் தயக்கமாக இருக்கிறது. இத்தயக்கம் அவளுக்கு மட்டும் உரியதன்று. ஃபிரீசியத்தைப் பேசத் தெரிந்தவர்களைவிட அதனை எழுதத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. பேச்சில் கேட்டு வளர்ந்த மொழியை எழுத்திலும் கற்க வேண்டும் என்னும் எண்ணம் அவளுக்கு முதன்முதலாக அப்பாட்டியின் முன்னிலையில் தோன்றுகிறது.

மரத்துண்டும் மோதிரமும்

இருமொழி வட்டாரப் பிள்ளைகள் கூடும்போது தத்தம் ஊரின் வரலாற்றையும் பகிர்ந்துகொள்கின்றனர். அப்போது, தொலைவில் உள்ள ஊர்களின் முன்னோர் பட்ட துன்பம் ஒன்றாகவே இருந்தமை வெளிப்படும்.

19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் வெல்ஷ் மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டு தொங்கவிடப்பட்டது. வேறொரு பிள்ளை வெல்ஷ் பேசக் கேட்டால் அத்துண்டை அப்பிள்ளைக்கு மாற்றிவிடலாம். பள்ளி முடியும் நேரத்தில் அது எவரிடம் உள்ளதோ அவருக்குத் தண்டனை கிடைக்கும். பிரிட்டனியிலும் பிரெத்தோன் மொழி பேசிய பிள்ளைகள் இவ்வாறே ஓர் அடையாளப் பொருளைச் சுமந்தனர். சில பள்ளிகளில் அது மரச்செருப்பாக இருந்தது. பாஸ்கு நாட்டில் அது ஒரு மோதிரம்.

இம்முறையின் கொடுமை அடியில் மட்டும் இல்லை. தான் தப்புவதற்காகத் தன் தோழனையே காட்டிக்கொடுக்க அது பிள்ளையைப் பழக்கியது. தாய்மொழியைக் குற்றமாகக் கருதக் கற்ற பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, பலர் தம் மக்களோடு அம்மொழியில் பேசுவதைத் தவிர்த்தனர்.

ஸ்பெயினில் 1939இல் பிராங்கோவின் ஆட்சி நிலைபெற்றபின், பாஸ்கு மொழி பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டது. அப்போது வீடுகளில் மறைவாகச் சிறு வகுப்புகள் நடந்தன. 1960களில் இகாஸ்தோலாக்கள் பெருகின. 1979ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டம், ஸ்பெயினில் உள்ள பாஸ்குத் தன்னாட்சிப் பகுதியில் பாஸ்கிற்கும் ஆட்சிமொழித் தகுதி வழங்கியது.

ஃபிரீஸ்லாந்து மக்கள் 1951 நவம்பர் 16ஆம் நாளை மறவார். நீதிமன்றத்தில் ஃபிரீசியத்தில் பேச இடம்தராத நீதிபதியைக் கண்டித்து எழுதிய ஃபெட்டே ஸ்கூரர் என்னும் இதழாளர் அன்று லீவார்டனில் விசாரிக்கப்பட்டார். வெளியே கூடியிருந்த மக்கள்மீது காவலர் தடியடி நடத்தினர். ‘தடியடி வெள்ளி’ எனப்படும் அந்நாள் வீண்போகவில்லை. அதன்பின் சில ஆண்டுகளில் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் ஃபிரீசியத்திற்குச் சட்டவழி இடம் கிடைத்தது. 1980 முதல் அம்மாநிலத் தொடக்கப்பள்ளிகளில் அது கட்டாயப் பாடம் ஆயிற்று.

விருந்தினர் எழுப்பும் வினா

இன்று மரத்துண்டும் இல்லை, மோதிரமும் இல்லை. சட்டமும் பள்ளியும் துணையாக உள்ளன. எனினும் ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. பாஸ்கு அறிந்த இளைஞரின் எண்ணிக்கை கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரிதும் உயர்ந்துள்ளது. தெருவில் அம்மொழியின் பயன்பாடு அதே அளவு உயரவில்லை.

முன்னர்க் கூறிய மாணவிகளிடையே இது எவ்வாறு வெளிப்படும்? இகாஸ்தோலாவில் வகுப்பு முடிந்து மணி ஒலிக்கிறது. அதுவரை பாஸ்கில் விடை கூறிய மாணவர்கள் திடலுக்கு ஓடியதும் ஸ்பானியத்தில் பேசுகின்றனர். விருந்தினள் வியந்து, “உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியை ஏன் விளையாட்டில் பேசுவதில்லை?” என்று கேட்கிறாள். தோழிக்கு உடனே விடை கூற இயலவில்லை. அதுவரை அவள் அதனைக் கவனித்ததே இல்லை.

சில மாதங்களில் தோழி லீவார்டனுக்கு வருகிறாள். ஆறு பேர் ஃபிரீசியத்தில் பேசிக்கொண்டிருக்கின்றனர். டச்சு பேசும் ஒருவன் வந்து அமர்ந்ததும் அறுவரும் டச்சு மொழிக்கு மாறிவிடுகின்றனர். வந்தவன் ஃபிரீசியத்தைப் பேசாவிடினும் அதனைப் புரிந்துகொள்ளக்கூடியவன். “அவன் உங்களை மாறச் சொல்லவில்லையே” என்கிறாள் தோழி. இம்முறை விடையின்றி நிற்பவள் ஃபிரீசிய மாணவி.

தன் பழக்கம் தனக்குத் தெரிவதில்லை. பிறரிடம் காணும்போதுதான் அது தெளிவாகத் தெரிகிறது. ஒருமொழி மட்டும் வழங்கும் பெருநகரத்திலிருந்து வந்த மாணவர் இவ்வினாவை எழுப்பியிருக்கமாட்டார். இருமொழி வட்டாரங்களுக்கு இடையே நிகழும் பரிமாற்றத்தின் தனிப்பயன் இதுவே.

இவ்வினாவிற்குப் பாஸ்கு மக்கள் ஒரு வழி கண்டுள்ளனர். 2018இல் ‘எவுஸ்கரால்தியா’ என்னும் இயக்கம் முதன்முறையாக 11 நாள்கள் நடைபெற்றது. பங்கேற்போர் இருவகை அட்டைகளில் ஒன்றை அணிந்தனர். ஒன்று, பாஸ்கு புரியும் அனைவரோடும் பாஸ்கிலேயே பேசுவோர்க்குரியது. மற்றொன்று, “எனக்குப் புரியும், என்னோடு பாஸ்கில் பேசுங்கள்” என்போர்க்குரியது. சரளமாகப் பேச இயலாதவரும் நல்ல செவியராக இருந்து மொழிக்கு உதவலாம் என்பது இதன் கருத்து. முன்பு பள்ளியில் அணிந்த அடையாளம் பேச்சை அடக்கியது. இன்று விரும்பி அணியும் அடையாளம் பேச்சை அழைக்கிறது.

ஒரே ஊரில் ஒரு பரிமாற்றம்

பரிமாற்றத்திற்குத் தொலைவு கட்டாயமன்று. முதல் உலகப் போருக்குப்பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலியின் வசமான தெற்கு டிரோலில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பத்தில் ஏறத்தாழ எழுவர் ஜெர்மன் மொழிப் பிரிவினர். நான்கில் ஒருவர் இத்தாலிய மொழிப் பிரிவினர். எஞ்சியோர் லதீன் என்னும் சிறு மொழிக்கு உரியவர். ஜெர்மன் பள்ளியும் இத்தாலியப் பள்ளியும் அங்குத் தனித்தனியே இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் மற்ற மொழி இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் ஒரே நகரில் வாழும் பிள்ளைகள் பழகாமலே வளர இவ்வமைப்பு இடந்தருகிறது. எனவே, மேல்நிலை மாணவர்கள் ஓராண்டைப் பிறமொழிப் பள்ளியில் பயில அங்கு வழி செய்யப்பட்டுள்ளது. வானூர்தி வேண்டுவதில்லை, தெருவைக் கடந்தால் போதும். ஆனால் அத்தெருவைக் கடக்கவும் துணிவு வேண்டும்.

பயனும் எல்லையும்

ஒருவாரப் பயணத்தால் எவரும் புதிய மொழியைக் கற்றுத் தேர்வதில்லை. பெரும்பாலான உரையாடல் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. ஃபிரீசியப் பெண் சில பாஸ்குச் சொற்களோடுதான் திரும்புகிறாள். ஆனால், தன் மொழியைப் பற்றிய அவளுடைய எண்ணம் மாறியிருக்கிறது. தன் வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று அவள் கருதியது, தொலைவில் ஒரு கடற்கரை நகரில் மற்றொரு பெண்ணுக்கும் உரியது என அறிந்துகொண்டாள். இரண்டு மொழிகள் ஒரு மனத்தில் இடமின்றி நெருக்கிக்கொள்வதில்லை என்பதையும் கண்டாள். டச்சு அறிந்ததால் ஃபிரீசியம் குறைவதில்லை. ஃபிரீசியத்தில் பேச வாய்த்த இடங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பதால்தான் அது குறைகிறது.

தாய்மொழி வழங்கும் நிலத்திலிருந்து விலகி வேறு மாநிலங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் இதனோடு ஒரு பகுதி ஒத்தது. தாய் தமிழில் வினவ, பிள்ளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடை கூறும் வீடுகள் உண்டு. பேசத் தெரிந்தும், ஊரிலுள்ள பாட்டிக்கு ஒரு மடல் எழுத இயலாத பிள்ளைகள் உண்டு. ஒரே வகுப்பில் பயிலும் இரு தமிழ்ப் பிள்ளைகள் தம்முள் தமிழில் பேசாதிருப்பதும் உண்டு. அவர்களிடம் அவ்வினாவைக் கேட்க ஃபிரீஸ்லாந்திலிருந்து எவரும் வரவேண்டியதில்லை. வகுப்பில் அருகில் அமர்ந்திருக்கும் மலையாள, வங்காள, பஞ்சாபி மொழித் தோழரின் வீட்டு உணவு மேசையிலும் அதே வினா காத்திருக்கிறது.

சொல்லும் பொருளும்

வட்டாரம் – நிலப்பகுதி
சாசனம் – உரிமைகளை வரையறுக்கும் ஆவணம்
உடன்படிக்கை – ஒப்பந்தம்
தன்னாட்சி – தன்னைத் தானே ஆளும் உரிமை
உருபு – பெயரின் இறுதியில் சேர்ந்து பொருளை வேறுபடுத்துவது
சச்சரவு – சிறு சண்டை
மடல் – கடிதம்

வினாக்கள்

1. ‘எவுஸ்கல்துன்’, ‘இகாஸ்தோலா’ ஆகிய சொற்களின் பொருளை எழுதுக.
2. மாணவர் பரிமாற்றத்தில் வீட்டில் தங்குவது ஏன் சிறந்ததாகக் கருதப்படுகிறது?
3. வேல்ஸ் பள்ளிகளில் பயன்பட்ட மரத்துண்டு, பிள்ளைகளின் நட்பை எவ்வாறு பாதித்தது?
4. மாணவிகள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் கண்ட பழக்கம் யாது? அதனைத் தாமே முன்பு அறியாதது ஏன்?
5. “சரளமாகப் பேச இயலாதவரும் மொழிக்கு உதவலாம்.” எவ்வாறு என விளக்குக.

செயல்பாடு

ஒரு நாள் முழுவதும் யார் யாரோடு எந்த மொழியில் பேசினீர்கள் என்பதைப் பட்டியலிடுக. தமிழில் பேசியிருக்கக்கூடிய இடத்தில் வேறு மொழியில் பேசியிருந்தால், அதற்கான காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக. பின்னர், வேறு தாய்மொழி உடைய நண்பர் ஒருவரிடமும் இதே வினாக்களைக் கேட்டு, இருவர் விடைகளையும் வகுப்பில் ஒப்பிட்டுப் பேசுக.